ஸ்டீராய்டு மாத்திரையைக் குறைக்கும்போது தலை சுற்றுகிறதா? முதல்முறை குறைப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பிரெட்னிசோலோன் மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்கு, அதைக் குறைக்கும் காலத்தில் தலைசுற்றல் வருவது அபூர்வமல்ல. வைசோலோன், ஓம்னாகார்டில் என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்குகிறோமே, அதே மாத்திரைதான். முடக்குவாதம், லூபஸ், ஆஸ்துமா, சிறுநீரக நோய், கண் நரம்பு அழற்சி என்று எத்தனையோ நோய்களுக்கு இதைத் தருகிறார்கள். எங்கள் வீட்டில் அம்மாவுக்கு பெம்பிகஸ் என்னும் கொப்புள நோய்க்காகத் தந்தார்கள். அவர் மாத்திரையைக் குறைத்த காலம் முழுக்கக் கூடவே இருந்து பார்த்ததையும், டாக்டர்களிடம் விடாமல் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். இது பெரியவர்களுக்கானது. குழந்தைகளுக்கு அளவும் கணக்கும் வேறு, அதைக் குழந்தை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தலைசுற்றலுக்கு ஒரே காரணம் கிடையாது. "ஸ்டீராய்டைக் குறைத்தால் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்" என்று விடுவதும் தப்பு. பயந்துபோய் பழைய அளவுக்கே தானாக ஏற்றிக்கொள்வதும் தப்பு. எதனால் சுற்றுகிறது என்று பிரித்துப் பார்க்க முடியும். அதில் பாதி வேலையை வீட்டிலேயே செய்துவிடலாம்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

சிறுநீரகத்தின் மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் அட்ரினல் சுரப்பி தினமும் கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. இரத்த அழுத்தம் இறங்கிவிடாமல் பிடித்துவைப்பது, பசியோடு இருக்கும்போது இரத்தத்தில் சர்க்கரை குறையாமல் காப்பது, காய்ச்சல், காயம் வந்தால் உடம்பைத் தாங்க வைப்பது எல்லாம் இதன் வேலை. ஒருநாளில் சுரக்கும் கார்டிசாலை மாத்திரைக் கணக்கில் சொன்னால், ஏறக்குறைய 5 மி.கி. பிரெட்னிசோலோனுக்குச் சமம்.

நோய்க்காக 30, 40 மி.கி. என்று வெளியிலிருந்து கொடுக்கும்போது, தேவைக்கு மேலேயே இருக்கிறது என்று மூளை முடிவு செய்து, சுரக்கச் சொல்லும் உத்தரவை நிறுத்திவிடுகிறது. மூன்று நான்கு வாரத்துக்கு மேல் இப்படிப் போனால் சுரப்பி வேலையை மறந்து தூங்கிவிடும். அதை எழுப்ப வாரங்களும் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். சிலருக்கு ஒரு வருடத்தைத் தாண்டியும் போகிறது. மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது என்று டாக்டர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

பலரும் கவனிக்காத கணக்கு ஒன்று இருக்கிறது. 40-லிருந்து 35-க்கு இறங்கினால் குறைவது எட்டில் ஒரு பங்கு. 10-லிருந்து 5-க்கு இறங்கினால் பாதியே போய்விடுகிறது. இரண்டிலும் குறைத்தது அதே 5 மி.கி. தான். அதனால் மேலே இருக்கும்போது வாரத்துக்கு 5 மி.கி. குறைத்தும் ஒன்றும் தெரியாதவருக்கு, 10-க்குக் கீழே வந்ததும் உடம்பு தகராறு செய்யும். பொதுவாக 20 முதல் 40 மி.கி. வரை எடுப்பவருக்கு வாரத்துக்கு 5 மி.கி. குறைக்கலாம் என்கிறார்கள். 10 முதல் 20 வரை என்றால் ஒன்று முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை 1 முதல் 2.5 மி.கி. வரை. அதற்குக் கீழே 1 மி.கி. வீதம்தான். இது நோயைப் பொறுத்து மாறும், உங்கள் டாக்டர் எழுதியதுதான் உங்களுக்கு. ஆனால் கீழே வர வர வேகம் குறைய வேண்டும் என்பது பொது. உங்கள் சீட்டில் 10-லிருந்து நேராக 5, அப்புறம் நிறுத்தம் என்று இருந்தால், பல மாதம் சாப்பிட்டவர் என்ற முறையில் "இது எனக்குச் சரியாக இருக்குமா டாக்டர்?" என்று கேட்பதில் தவறே இல்லை.

முதல் வேலை: எப்போது, எப்படிச் சுற்றுகிறது என்று எழுதுங்கள்

ஒரு நோட்டு போடுங்கள். தேதி, அன்றைய மாத்திரை அளவு, சுற்றிய நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், எவ்வளவு நேரம் நீடித்தது, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள். இவ்வளவு போதும். இரண்டு வாரம் எழுதினால் ஒரு ஒழுங்கு தெரிய ஆரம்பிக்கும்.

எழுந்து நிற்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்து, உட்கார்ந்தால் சரியாகிறதா? இரத்த அழுத்தத்தைச் சந்தேகப்படுங்கள். சாப்பாட்டுக்கு முன்போ விடியற்காலையிலோ வியர்வை, கை நடுக்கம், படபடப்போடு வருகிறதா? சர்க்கரை இறங்கியிருக்கலாம். படுக்கையில் புரண்டு படுத்தால் அறையே சுழன்று சில நொடிகளில் நிற்கிறதா? அது பெரும்பாலும் உள்காதில் வரும் கோளாறு, ஸ்டீராய்டோடு சம்பந்தமில்லை. காது மூக்கு தொண்டை மருத்துவர் தலையைச் சில கோணங்களில் திருப்பியே பலருக்கும் அதைச் சரிசெய்துவிடுவார். தலை சுற்றவில்லை, நடந்தால் தள்ளாடுகிறது, தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியவில்லை என்றால், நீண்ட நாள் ஸ்டீராய்டால் தொடைத் தசை மெலிந்திருக்கலாம். இதற்கு பிசியோதெரபி பயிற்சி உதவும்.

நாள் முழுக்க ஒரு கிறுகிறுப்பு, கூடவே அசதி, பசியின்மை, குமட்டல், மூட்டு வலி, மனச்சோர்வு என்று சேர்ந்து வருகிறதா? அளவைக் குறைத்த சில நாட்களில் தொடங்கி மெல்ல அடங்குகிறதா? அது உடம்பு புதிய அளவுக்குப் பழகும் சிரமமாக இருக்கலாம். அடங்காமல் கூடிக்கொண்டே போனால் கார்டிசால் உண்மையிலேயே பற்றவில்லை என்று பொருள் கொள்ள வேண்டும். இந்த இரண்டையும் வெளியிலிருந்து பார்த்துப் பிரிப்பது கஷ்டம். நோட்டும் இரத்தப் பரிசோதனையும் சேர்ந்துதான் சொல்லும்.

இரத்த அழுத்தத்தை நின்றும் பாருங்கள்

கிளினிக்கில் உட்கார வைத்துத்தான் பிரஷர் பார்ப்பார்கள். அதில் எல்லாம் நன்றாக இருக்கும், வீட்டுக்கு வந்தால் மறுபடி சுற்றும். கையில் மாட்டும் டிஜிட்டல் மெஷின் ஒன்று இருந்தால் வீட்டிலேயே இப்படிப் பாருங்கள்: ஐந்து நிமிடம் படுத்திருந்துவிட்டு ஒருமுறை, எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒருமுறை, மூன்றாவது நிமிடத்தில் ஒருமுறை. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், நிற்கும்போது இரத்த அழுத்தம் விழுகிறது என்று உறுதி. பக்கத்தில் ஒருவர் இருக்கும்போது மட்டும் இதைச் செய்யுங்கள். நிற்கவே முடியவில்லை என்றால் அளவெல்லாம் வேண்டாம், படுத்துவிடுங்கள்.

அப்படி விழுந்தால், முதலில் பார்க்க வேண்டியது பிரஷர் மாத்திரையை. ஸ்டீராய்டு உச்சத்தில் இருந்தபோது பிரஷர் ஏறி, அதற்கென்று ஒன்றோ இரண்டோ மாத்திரை சேர்த்திருப்பார்கள். இப்போது ஸ்டீராய்டு இறங்கிவிட்டது, பிரஷர் மாத்திரை மட்டும் அதே அளவில் தொடர்கிறது. தோல் டாக்டர் ஸ்டீராய்டைக் குறைக்கிறார், பிரஷர் மாத்திரை எழுதியது வேறு டாக்டர், இரண்டு பேருக்கும் இடையில் நோயாளி. இந்த இடைவெளியை வீட்டில் இருப்பவர்கள்தான் அடைக்க வேண்டும். சிறுநீர் அதிகம் போக வைக்கும் மாத்திரை, பிராஸ்டேட்டுக்குத் தரும் டாம்சுலோசின், சில மனநல மருந்துகள், இவையும் எழுந்து நிற்கும்போது கண்ணை இருட்டும். எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

உப்பு அதிகம் சேர்த்துக்கொண்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். சிறுநீரகமோ இதயமோ பாதிக்கப்பட்டவருக்கு அது ஆபத்து. தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்வது வேறு விஷயம். வெயில் காலத்தில் மோர், கஞ்சி, இளநீர் எல்லாம் நல்லதுதான். ஆனால் சிறுநீரக நோயாளிகள் இளநீரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது, அதில் பொட்டாசியம் அதிகம்.

சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள்

காலையில் சாப்பிடும் பிரெட்னிசோலோன் மதியம், மாலை சர்க்கரையை ஏற்றும். விடியும்போது அதன் வேகம் தணிந்துவிடும். ஏறிய சர்க்கரையைக் கட்டுப்படுத்த இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ தொடங்கியிருப்பார்கள். ஸ்டீராய்டு குறையக் குறைய சர்க்கரையும் தானாகக் குறையும். ஆனால் இன்சுலின் அளவு பழையபடியே இருந்தால், ஒருநாள் விடியற்காலையில் வியர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறி, ஆள் மயங்கிக் கிடப்பார். ஸ்டீராய்டைக் குறைக்கும் காலத்தில் முழுக்கவும் தவிர்க்கக்கூடிய ஆபத்து இதுதான் என்பது என் எண்ணம். அப்படியும் வீடுகளில் இது நடந்துகொண்டுதான் இருக்கிறது.

அதனால் ஸ்டீராய்டு அளவை ஒவ்வொரு முறை குறைக்கும்போதும், "சர்க்கரை மருந்தையும் குறைக்க வேண்டுமா?" என்று கேளுங்கள். தலை சுற்றினால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, பதினைந்து நிமிடத்தில் மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை கொடுங்கள். சரியானதும் இட்லியோ பிஸ்கட்டோ ஏதாவது சாப்பிட வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

விரதமும் இதில் சேரும். சஷ்டியோ ஏகாதசியோ ரமலான் நோன்போ, மாத்திரையைக் குறைக்கும் மாதங்களில் பட்டினி இருப்பதற்கு முன்னால் டாக்டரிடம் கண்டிப்பாகக் கேட்க வேண்டும். சர்க்கரை மருந்து எடுப்பவர் இந்த ஒரு வருடம் விரதத்தை விட்டுவிடுவதே நல்லது.

மற்ற மருந்துகள் செய்யும் வேலை

ஒரு மாத்திரையும் குறைக்காமலே ஸ்டீராய்டு குறைந்துபோகலாம். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயின், கார்பமாசெபின் ஆகியவை ஈரலில் பிரெட்னிசோலோனை வேகமாக அழித்துவிடும். இவற்றில் ஒன்றைப் புதிதாக ஆரம்பித்த பிறகு தலைசுற்றலும் அசதியும் வந்தால் உடனே சொல்லுங்கள். இதற்கு நேரெதிர், படர்தாமரைக்குத் தரும் இட்ராகோனசோல். அது ஸ்டீராய்டை உடம்பில் தேங்க வைக்கும், நிறுத்தியதும் அளவு சட்டென்று இறங்கும். இருமலுக்கு அதிமதுரம் மெல்லுகிறவர்கள் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அதிகமானால் பொட்டாசியத்தைக் குறைத்து பிரஷரை ஏற்றும்.

வலி மாத்திரை இன்னொன்று. ஸ்டீராய்டோடு டைக்ளோஃபெனாக் போன்றவற்றைச் சேர்த்துச் சாப்பிட்டால் வயிற்றில் புண்ணாகி இரத்தம் கசியலாம். தலைசுற்றலோடு மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சிலருக்குத் தாங்கள் ஸ்டீராய்டு எடுத்ததே தெரியாது. மூட்டு வலிக்கும் இழுப்புக்கும் பொட்டலம் கட்டித் தரும் மருந்துகளிலும், உடம்பு தேற என்று கடையில் உதிரியாகத் தரும் மாத்திரைகளிலும் டெக்ஸாமெதாசோனோ பீட்டாமெதாசோனோ கலந்திருப்பது உண்டு. அவை பிரெட்னிசோலோனை விடப் பல மடங்கு வீரியமானவை. சாப்பிட்டதும் வலி பறந்துபோகும், முகம் உருண்டு வரும், நிறுத்தினால் எழுந்திருக்கவே முடியாது. அப்படிப் பல மாதம் சாப்பிட்டவர் பயந்து நிறுத்திவிட்டுத் தலைசுற்றலோடு வந்தால், டாக்டரிடம் மறைக்காமல் அந்தப் பொட்டலத்தையே எடுத்துக் காட்டுங்கள். யாரும் திட்ட மாட்டார்கள். திட்டினாலும் பரவாயில்லை, சொல்லாமல் விடுவதுதான் உயிருக்கு ஆபத்து. முகத்துக்கோ படைக்கோ வருடக்கணக்கில் வீரியமான ஸ்டீராய்டு களிம்பு பூசியவர்களுக்கும் இதே பேச்சு பொருந்தும்.

அன்றாடம் செய்ய வேண்டியவை

மாத்திரையைக் காலையில், சாப்பிட்டதும் போடுங்கள். உடம்பு இயல்பாகக் கார்டிசாலை அதிகம் சுரப்பது அந்த நேரத்தில்தான். ஒருநாள் மறந்துவிட்டால் அன்றைக்கே நினைவு வந்ததும் போட்டுக்கொள்ளலாம். மறுநாள் இரண்டாகப் போட வேண்டாம். தீரும் வரை காத்திருக்காமல் ஒரு வாரத்துக்கு முன்பே அடுத்த அட்டையை வாங்கிவிடுங்கள். தீபாவளி, பொங்கல் நாட்களில் கடை மூடியிருந்து இரண்டு நாள் விட்டுப்போவதெல்லாம் இந்த மாத்திரையில் நடக்கவே கூடாது. 1 மி.கி. மாத்திரை எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை, முன்கூட்டியே சொல்லி வரவழையுங்கள். சாதாரண மாத்திரையை வெட்டிக்கொள்ளலாம். குடலில் கரையும்படி மேல் பூச்சு போட்டதை வெட்டக் கூடாது, கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எழுவதை மூன்றாகப் பிரியுங்கள். கண் விழித்ததும் கட்டில் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்காருங்கள். கணுக்காலை மேலும் கீழுமாக ஆட்டுங்கள். அப்புறம் எதையாவது பிடித்துக்கொண்டு நின்று, ஒரு நிமிடம் கழித்து நடங்கள். இந்திய முறைக் கழிப்பறையில் குந்தி எழும் அந்த நொடிதான் அம்மாவுக்கு ரொம்பச் சிரமமாக இருந்தது. சுவரில் ஒரு கைப்பிடியும், மேலே வைக்கும் நாற்காலி ஒன்றும் வாங்கியதில் பெரிய நிம்மதி. கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் குளித்தால் இரத்தக் குழாய் விரிந்து பிரஷர் இன்னும் இறங்கும், வெதுவெதுப்பு போதும். ஸ்டூலில் உட்கார்ந்து குளிக்கட்டும், கதவைத் தாழ் போட வேண்டாம். கோயிலில் விழுந்து கும்பிட்டுச் சட்டென்று எழுவதையும், ரேஷன் வரிசையில் வெயிலில் நிற்பதையும் கொஞ்ச நாளைக்கு மற்றவர் பார்த்துக்கொள்ளட்டும். சுற்றுகிற நாளில் வண்டி ஓட்டவே கூடாது.

விழுவதைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம் உண்டு. நீண்ட நாள் ஸ்டீராய்டு எலும்பை மெலிய வைக்கும். சாதாரணமாக விழுந்தாலே இடுப்பெலும்பு முறிந்துவிடலாம். இரவில் கழிப்பறை வரை ஒரு சின்ன விளக்கு எரியட்டும். கால்சியம், வைட்டமின் டி எழுதித் தந்திருந்தால் அதை விட்டுவிடாதீர்கள்.

காய்ச்சல், வாந்தி வந்த நாள்

இந்த நாட்களில் உடம்புக்குக் கார்டிசால் அதிகம் வேண்டும், தூங்கும் சுரப்பியால் தர முடியாது. அதனால் காய்ச்சல் நாட்களில் அளவை ஏற்றச் சொல்வது வழக்கம். எவ்வளவு ஏற்றுவது, எத்தனை நாள் என்பதை நன்றாக இருக்கும்போதே டாக்டரிடம் கேட்டு, சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு 102 டிகிரி காய்ச்சலில் யாரைக் கேட்பது?

மாத்திரையை வாந்தி எடுத்து, மறுபடி போட்டதும் தங்கவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது. அதே மாதிரி எழுந்து உட்கார முடியாத சோர்வு, கடும் வயிற்று வலி, உளறல், உடம்பு சில்லிட்டுப் போதல், மயக்கம், படுத்திருக்கும்போதே மேல் பிரஷர் 90-க்குக் கீழே போவது, இவற்றில் எது வந்தாலும் உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. அங்கே போனதும் முதல் வார்த்தையாக "நீண்ட நாளாக ஸ்டீராய்டு எடுப்பவர், இப்போது குறைத்துக்கொண்டிருக்கிறோம்" என்று சொல்லுங்கள். தேவைப்படுவது 100 மி.கி. ஹைட்ரோகார்டிசோன் ஊசியும் உப்புநீர் டிரிப்பும். சொல்லாவிட்டால் வெறும் வயிற்றுப்போக்கு, வாந்தி என்று நினைத்துவிட வாய்ப்புண்டு.

இதற்காகவே பிரிட்டனில் 2020 முதல் ஸ்டீராய்டு அவசர அட்டை ஒன்றை நோயாளிகளிடம் கொடுக்கிறார்கள். நாம் ஒரு தாளில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளலாம்: பெயர், நோய், மாத்திரை, இன்றைய அளவு, எப்போதிலிருந்து எடுக்கிறீர்கள், அவசரத்தில் தர வேண்டிய ஊசி, டாக்டரின் எண், வீட்டு எண். செல்போனில் மட்டும் வைத்திருந்தால் போதாது, பூட்டியிருந்தால் யாராலும் பார்க்க முடியாது.

டாக்டரிடம் என்ன கேட்பது

நோட்டைக் கொடுங்கள், அதுவே பாதி பேசிவிடும். சுற்றல் அடங்கவில்லை என்றால், முந்தைய அளவுக்கு ஏறிச் சில வாரம் நின்றுவிட்டு இன்னும் மெதுவாக இறங்கலாமா என்று கேளுங்கள். ஒருநாள் பழைய அளவு, மறுநாள் புதிய அளவு என்று மாற்றி மாற்றிக் கொடுத்து இறக்கும் டாக்டர்களும் இருக்கிறார்கள். இரத்தசோகை, சோடியம், பொட்டாசியம், தைராய்டு பார்த்தாயிற்றா என்றும் கேட்கலாம். குறைக்கும்போது பழைய நோயே தலைதூக்கினால் அதற்கு வைத்தியம் வேறு. புதுக் கொப்புளம், மூட்டு வீக்கம், சிறுநீரில் நுரை என்று உங்கள் நோய்க்குரிய அடையாளங்களையும் நோட்டில் தனியாகக் குறித்து வையுங்கள்.

5 மி.கி. பக்கம் வந்ததும் காலை கார்டிசால் பரிசோதனை செய்யலாம். முந்தின நாள் காலை மாத்திரை போட்டு, மறுநாள் எட்டு ஒன்பது மணிக்குள், அன்றைய மாத்திரைக்கு முன்பே இரத்தம் கொடுக்க வேண்டும். மாத்திரை போட்டுவிட்டுப் போனால் கணக்கு தப்பாகும். ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்கள் அதைச் சொல்ல வேண்டும், அளவு பொய்யாக உயர்ந்து காட்டும். டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் சுரப்பி விழித்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறார்கள். 5-க்குக் கீழே என்றால் இன்னும் தூக்கம்தான், அதே அளவில் தொடர்ந்து சில மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். நடுவில் இருந்தாலும் பொறுத்திருந்து பார்ப்பதுதான் வழக்கம். குழப்பமாக இருந்தால் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் ஒருமுறை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

கடைசி மாத்திரையோடு பர்ஸில் இருக்கும் தாளைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். நிறுத்திய தேதியை அதில் எழுதி இன்னும் ஒரு வருடம் வைத்திருங்கள். அதற்குள் பல் பிடுங்குவதானாலும் ஆபரேஷன் என்றாலும், ஊசி போடுவதற்கு முன் அந்தத் தாளைக் காட்ட வேண்டும்.